கணவாய் தரும் கடன்: கோயம்புத்தூரின் காற்றில் நிலமும் பருவமும்

1. கேள்வி

மார்கழி மாதத்துக் காலை ஏழு மணிக்கு மருதமலைப் படிகளில் பாதி தூரம் ஏறி நின்று, கிழக்கே திரும்பிப் பார்த்தால் கோயம்புத்தூர் தெரிவதில்லை. நகரம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பலும் வெண்மையும் கலந்த ஒரு படலம் கிடக்கிறது. அதன் மேல்விளிம்பு அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்கிறது. எங்கோ ஒரு புகைபோக்கியிலிருந்து எழும் புகை கொஞ்ச தூரம் நிமிர்ந்து ஏறுகிறது. பிறகு தலை உத்தரத்தில் இடித்தாற்போல் மடங்கி, பக்கவாட்டில் படுத்துக்கொள்கிறது. ஒன்பது, ஒன்பதரை மணிக்கு வெயில் ஏறிய பிறகுதான் படலம் கிழிந்து கட்டடங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும்.

ஆடி மாதத்தில் அதே படியில் நின்றால் காட்சி வேறு. புகைபோக்கியின் வாயை விட்டு வெளிவந்த கணமே புகையைக் காற்று கிழக்கே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. கிழக்கே நெடுந்தூரம் பார்வை தடையின்றி ஓடுகிறது. ஆலைகள் அவையேதான், வார்ப்படப் பட்டறைகளும், பேருந்துகளும், டீக்கடை அடுப்புகளும் அவையேதான். ஆறு மாத இடைவெளியில் நகரம் வெளியிடும் புகையின் அளவு பெரிதாக மாறிவிடுவதில்லை. ஆனால் நகரம் மூச்சில் வாங்கும் புகையின் அளவு மாறிவிடுகிறது.

‘கோயம்புத்தூர்க் காற்று நல்ல காற்று’ என்பது கொங்கு நாட்டின் பெருமிதங்களில் ஒன்று. சிறுவாணித் தண்ணீரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. இக்கட்டுரை அந்தப் பெருமிதத்தை ஒரு கேள்வியாக மாற்றிப் பார்க்கிறது: அந்த நல்ல காற்று நகரம் தன் ஒழுக்கத்தால் ஈட்டியதா, மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் ஓர் இடைவெளி கொடுத்த கடனா? கடன் என்றால், அது எந்த மாதங்களில் கிடைக்கிறது, எந்த மாதங்களில் நின்றுபோகிறது?

2. இதுவரையான புரிதல்

காற்று மாசு பற்றிய நவீன அறிவு குளிர்நாடுகளின் பேரழிவுகளிலிருந்து பிறந்தது. 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், 1948 அக்டோபரில் அமெரிக்காவின் டொனோரா என்ற சிற்றூரிலும், 1952 டிசம்பரில் தேம்ஸ் ஆற்றுப் படுகையில் அமைந்த லண்டனிலும் சில நாட்களுக்குள் மக்கள் மடிந்தார்கள். மியூஸில் அறுபதுக்கும் மேற்பட்டோர். டொனோராவில் இருபது பேர். லண்டனில் அன்றைய மதிப்பீட்டின்படியே ஏறத்தாழ 4,000 பேர். மூன்று இடங்களிலும் அந்தச் சில நாட்களில் ஆலைகள் திடீரென்று புதிதாக எதையும் கக்கிவிடவில்லை. தாழ்நிலம், குளிர், அசையாத காற்று ஆகிய மூன்றும் ஒன்றுகூடின. தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்தது. வானிலையாளர்கள் இதை வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்கிறார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து வெப்பமண்டலத்திற்கு ஓர் ஆறுதல் வாதம் உருவானது. இங்கே வெயில் கடுமை. தரை சூடேறிக் காற்று மேலெழும். புகை உயரத்தில் கரைந்துவிடும். எஞ்சியதைப் பருவமழை கழுவிவிடும். ஆகவே மூடி என்பது குளிர்நாட்டுச் சிக்கல் என்பதே அந்த வாதம்.

வெப்பமண்டல ஊர்களே இந்த வாதத்தை மறுக்கின்றன. வட தாய்லாந்தின் சியாங் மாய் மலை சூழ்ந்த ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரியும் நாட்களில் உலகின் மிக மோசமான காற்றுள்ள நகரங்களின் வரிசைக்கு அது வந்துவிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள மெக்சிகோ நகரமும் வெப்பமண்டலத்துக்குள் இருக்கும் ஒரு கிண்ணம்தான். சிங்கப்பூர் தட்டையான தீவு, கிண்ணமே இல்லை. ஆனாலும் 1997இலும் 2015இலும் சுமத்ராவின் கரிநிலத் தீயின் புகையைத் தென்மேற்குப் பருவக்காற்று அதன் வாசலில் கொண்டுவந்து கொட்டியது. அந்த இரண்டு ஆண்டுகளும் எல் நினோ வறட்சி ஆண்டுகள்.

இந்த மூன்று ஊர்களும் இரண்டு வகை மாதிரிகளைத் தருகின்றன. ஒன்று, தன் புகையைத் தானே அடைத்துவைத்துக்கொள்ளும் கிண்ணம். இன்னொன்று, பிறர் புகையைச் சுமந்துவரும் காற்றுப் பாதை. கோயம்புத்தூர் இவற்றில் எதிலும் முழுதாக அடங்காது. அது கதவு வைத்த கிண்ணம். அந்தக் கதவு வழியாகக் காற்று ஆண்டில் பாதி நாள் ஒரு திசையிலும், மீதி நாளில் எதிர்த்திசையிலும் போகிறது. இந்த வேறுபாட்டுக்குரிய இடத்தைப் பொதுப் பேச்சு இன்னும் தரவில்லை.

3. நிலம்: கதவு வைத்த கிண்ணம்

மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து குமரி வரை ஏறத்தாழ அறுபடாத சுவர். அந்தச் சுவரில் உள்ள ஒரே பெரிய திறப்பு பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, அங்கே 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா. தெற்கே ஆனைமலைத் தொகுதி, அதைச் சார்ந்து 2,695 மீட்டர் உயர ஆனைமுடி. இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம் இறங்கிக் கிடக்கிறது. திறப்பின் மேற்கு முனையில் பாலக்காடு. கிழக்கு முனையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் கோயம்புத்தூர். நகரத்தின் மேற்கே வெள்ளியங்கிரி, வடமேற்கே ஆனைகட்டி மலைகள். தென்மேற்கில் வாளையாறு வழியாகக் கதவு. கிழக்கே சூலூர், பல்லடம், திருப்பூர் நோக்கி விரியும் சமவெளி.

குறுகலான திறப்பில் புகும் காற்று விரைவு பெறும் என்பது எல்லோரும் அறிந்தது. பலர் கவனிக்கத் தவறும் செய்தி வேறொன்று. கணவாய்க் காற்று தன் முழு வேகத்தைப் பெறுவது நுழையும் பக்கத்தில் அல்ல, வெளியேறும் பக்கத்தில். மலைத்தொடரின் ஒருபுறம் குளிர்ந்த கனமான காற்று தேங்கி நிற்க, மறுபுறம் அழுத்தம் குறைந்திருக்க, அந்த வேறுபாட்டின் உந்துதல் திறப்பு நெடுகச் சேர்ந்து சேர்ந்து வெளிவாயில் உச்சம் அடைகிறது. நுழைவாயிலில் நிற்பவருக்குக் காற்று தயங்கித் தயங்கித்தான் வரும்.

தென்மேற்குப் பருவத்தில் பாலக்காடு நுழைவாயில், கோயம்புத்தூர் வெளிவாயில். ஆகவே ஆடிக்காற்றின் முழு வீச்சும் நமக்கு. அம்மியைப் பறக்கவிடும் காற்று என்று பழமொழி சொல்வது வெறும் மிகையாகத் தோன்றாத ஊர் இது. பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகள் அடர்ந்து நிற்பதும் இதே காரணத்தால்தான். கதிர் கொய்வதுபோல் அங்கே காற்றைக் கொய்கிறார்கள்.

வடகிழக்குப் பருவத்திலும் பனிக்காலத்திலும் கதவு மறுபக்கம் திறக்கிறது. இப்போது நாம் நுழைவாயில், பாலக்காடு வெளிவாயில். கார்த்திகை மாதத்துக்கு இணையான விருச்சிக மாதத்தில் பாலக்காட்டிலும் திருச்சூரிலும் கிழக்கிலிருந்து அடிக்கும் பலத்த காற்றை மலையாளிகள் விருச்சிகக் காற்று என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள். அது நம் ஊரைக் கடந்து போகும் காற்றுதான். நம்மிடம் அது பெயர் பெறும் அளவுக்குப் பலமாக இல்லை. கதவைத் தாண்டிய பிறகுதான் அதற்குப் பலமும் பெயரும் கிடைக்கின்றன. ஒரே கதவு இரண்டு ஊர்களுக்கும் வெவ்வேறு மாதங்களில் நன்மை செய்கிறது. பொதுவாகச் சொல்லப்படும் ‘கணவாய் நம் காற்றைச் சுத்தம் செய்கிறது’ என்ற வாக்கியம் ஆண்டில் பாதிக்குத்தான் உண்மை.

4. அறையின் கொள்ளளவு: ஒரு கணக்கு

புகை எவ்வளவு வெளியேறுகிறது என்பதும், மூக்கில் எவ்வளவு ஏறுகிறது என்பதும் வேறுவேறு அளவுகள். இரண்டையும் இணைப்பது, புகை கரைவதற்குக் கிடைக்கும் காற்றின் கொள்ளளவு. அதற்கு இரண்டு பரிமாணங்கள் உண்டு. தரையிலிருந்து எவ்வளவு உயரம் வரை காற்று கலந்து புரள்கிறது என்பது முதலாவது. அதைக் கலவையடுக்கு எனலாம். அந்த அடுக்கை எவ்வளவு வேகத்தில் புதுக் காற்று துடைத்துச் செல்கிறது என்பது இரண்டாவது. இரண்டையும் பெருக்கிக் கிடைக்கும் எண்ணை வானிலையாளர்கள் காற்றோட்டக் கெழு என்கிறார்கள்.

விளக்கத்துக்காக இரண்டு பொழுதுகளை எடுத்துக்கொள்வோம். ஆடி மாத நண்பகல்: கலவையடுக்கு 1,500 மீட்டர், காற்று வினாடிக்கு 6 மீட்டர், பெருக்கினால் 9,000. தை மாத விடியல்: அடுக்கு 150 மீட்டர், காற்று வினாடிக்கு 1 மீட்டர்; பெருக்கினால் 150. இவை இந்நகரில் அளந்த எண்கள் அல்ல. இத்தகைய பொழுதுகளுக்கு இயல்பான எண்கள். ஒன்றுக்கு மற்றொன்று 60 மடங்கு. ஆடியில் அறுபது வண்டிகள் விடும் புகை செய்யும் கேட்டைத் தையின் விடியலில் ஒரு வண்டி செய்துவிடும் என்பது இதன் பொருள்.

இரவில் கலவையடுக்கு என்ற இந்த அறை ஏன் சுருங்குகிறது? மேகமில்லாத பனிக்கால இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்குக் கொடுத்துக் குளிர்கிறது. தரையைத் தொடும் காற்றும் குளிர்கிறது. சாதாரணமாக உயரே போகப் போகக் காற்று குளிரும். சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி. பனிக்கால இரவில் முதல் நூறு, இருநூறு மீட்டருக்கு இது தலைகீழாகிறது. புல்லில் பனித்துளி படிந்திருப்பதைப் பார்த்தால், அந்த இரவில் மூடி விழுந்திருக்கிறது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். பனி வேண்டுவதும் புகையின் மூடி வேண்டுவதும் ஒன்றேதான்: தெளிந்த வானம், அடங்கிய காற்று, குளிர்ந்த தரை.

மலை இதற்கு மேலும் ஒன்றைச் சேர்க்கிறது. இரவில் சரிவுகள் குளிரும்போது அவற்றை ஒட்டிய கனத்த காற்று தண்ணீரைப்போல் பள்ளம் நோக்கி வழிகிறது. தடாகம் போன்ற பள்ளத்தாக்குகளின் வாய்வழியாக அது சமவெளிக்கு இறங்கும். வழியில் என்ன புகை இருந்தாலும் சேர்த்துக்கொண்டு இறங்கும். தடாகம் பள்ளத்தாக்கில் உரிமமின்றி இயங்கிய செங்கல் சூளைகளை மாவட்ட நிர்வாகம் 2021இல் மூடியது. அந்த வழக்கு பெரும்பாலும் செம்மண் கொள்ளையாகவும் யானை வழித்தடச் சிக்கலாகவும் பேசப்பட்டது. இரண்டும் நியாயமான பேச்சுகளே. ஆனால் இரவில் சரிவுக்காற்று வழியும் ஓடையில் சூளை வைப்பது, ஊருணியின் வரத்துக்காலில் சாயப்பட்டறை வைப்பதற்குச் சமம் என்ற மூன்றாவது வாதம் போதிய அளவு எழவில்லை.

காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரையிலான பொழுது தனிக் கவனத்துக்குரியது. வெயில் தரையைச் சூடாக்கத் தொடங்கியதும் கலவையடுக்கு கீழிருந்து மேலாக வளர்கிறது. இரவெல்லாம் சற்று உயரத்தில் படுத்துக் கிடந்த புகை அந்தப் புரட்டலில் சிக்கி ஒரேயடியாகத் தரைக்கு இறங்குகிறது. அவிநாசி சாலையில் போக்குவரத்து உச்சம் தொடுவதும், பள்ளி வாகனத்துக்காகப் பிள்ளைகள் சாலையோரம் நிற்பதும் அதே நேரத்தில்தான். முந்தைய இரவின் புகையும் அன்றைய காலையின் புகையும் அவர்கள் மேல் ஒன்றாக விழுகின்றன.

5. ஆறு பருவங்கள், இரண்டு திசைகள்

குளிர்காலம், கோடைகாலம், மழைக்காலம் என்ற பள்ளிப்பாடப் பகுப்பு இந்நகரின் காற்றைப் புரிந்துகொள்ளப் போதாது. தொல்காப்பியம் தொடங்கித் தமிழ் மரபு பேசும் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறு பெரும்பொழுதுகள் கூடுதலாகப் பொருந்துகின்றன. பழந்தமிழர் காற்று மாசை அறிந்திருந்தார்கள் என்ற வீண்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. காற்றின் திசையையும் ஈரத்தையும் நம்பிப் பிழைத்த மக்கள் பருவத்தை நுட்பமாகப் பகுத்திருந்தார்கள். அந்தப் பகுப்பு இன்றைய கேள்விக்கும் உதவுகிறது. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது.

முதுவேனிலும் காரும், அதாவது ஆனி முதல் புரட்டாசி வரை, நல்ல மாதங்கள். அரபிக்கடலிலிருந்து வரும் மேல்காற்று ஒப்பளவில் தூயது. மழையைப் பெரும்பாலும் கேரளத்தில் இறக்கிவிட்டு, மேகத்தையும் வேகத்தையும் மட்டும் நமக்குக் கொடுக்கிறது. ஆனால் அந்தக் காற்று நகருக்குள் புகுமுன் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையையும், வாளையாற்றையும், மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் நிலத்தையும் கடந்துதான் வருகிறது. பழைய சிமென்ட் ஆலையும் சுரங்கமும் கதவின் நிலைப்படியிலேயே அமைந்தவை. காற்றின் வேகம் அவற்றின் தூசியைக் கரைத்துவிடுவதால் மேற்பக்கத்தில் இருப்பதன் பாதகம் இந்த மாதங்களில் வெளியே தெரிவதில்லை.

கூதிரில், ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழை. மழைநிழல் நகரமான கோயம்புத்தூருக்கு ஆண்டில் கிடைக்கும் 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையில் ஏறத்தாழ பாதி இந்தப் பருவத்தில் பெய்கிறது. காற்று திசை மாறிவிட்டாலும் மழை காப்பாற்றுகிறது. தீபாவளியின் வெடிப்புகை வட இந்தியாவில் ஏற்படுத்தும் பேரிடரை இங்கே ஏற்படுத்தாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அங்கே அதே நாள் வறண்ட பனிக்காலத்தின் வாசலில் வருகிறது. இங்கே மழைக்காலத்தின் நடுவில் வருகிறது.

போகியோ மார்கழியின் கடைசி நாளில், மழை ஓய்ந்து மூடி விழுந்த விடியலில் வருகிறது. கடற்கரை நகரமான சென்னையிலேயே 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து விமானப் போக்குவரத்தை நிலைகுலையச் செய்தன. அன்று காலை கடல்காற்று இன்னும் தொடங்கியிருக்கவில்லை. எரிக்கும் பொருளை விட எரிக்கும் பொழுது முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தீபாவளியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். காற்றின் கணக்கில் போகிதான் கூடுதலாக அஞ்ச வேண்டிய நாள்.

முன்பனியும் பின்பனியும், மார்கழி முதல் பங்குனி வரை, கடன் நின்றுபோகும் மாதங்கள். கிழக்கிலிருந்து கீழ்க்காற்று மெதுவாக வருகிறது. அவிநாசி, திருப்பூர்ப் பக்கத்துத் தொழிற்பட்டையைக் கடந்து வருகிறது. அதற்கும் அப்பால், அது தூய காற்றாகவே புறப்பட்டிருக்காது. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை வி. ராமநாதன், பால் குருட்சன் ஆகியோர் முன்னின்று நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு, குளிர்காலத்தில் தெற்காசிய நிலப்பரப்பிலிருந்து கிளம்பும் பழுப்பு மூட்டம் பருவக்காற்றோடு இந்தியப் பெருங்கடல் மேல் பரவுவதைப் பதிவு செய்தது. தென்னகத்தின் பனிக்காலக் காற்றில் நம் ஊர்ப் புகையோடு வடபுலத்தின் பங்கும் இருக்கிறது. மாசி, பங்குனியில் மலைச்சரிவுக் காட்டுத்தீயும் சேர்ந்துகொள்கிறது.

இளவேனிலில் வெயில் மூடியை உடைத்துவிடுகிறது. நண்பகலில் அறை மிக உயர்ந்தது. ஆனால் நொய்யலும் குளங்களும் வற்றி, சாலையோர மண் பொடியாகி, பெருந்துகள் கூடுகிறது. வெள்ளலூர்க் குப்பைக்கிடங்கு தீப்பிடிப்பதும் பெரும்பாலும் கோடையில்தான். அந்தத் தீயின் புகை யாருக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பது திசை. கீழ்க்காற்றானால் போத்தனூருக்கு, மேல்காற்றானால் பட்டணம், இருகூர்ப் பக்கம். ஒரே கிடங்கின் அண்டைவீட்டார் பட்டியல் பருவத்துக்கேற்ப மாறுகிறது.

6. மழை கழுவுகிறதா?

‘மழை பெய்து காற்றைக் கழுவிவிட்டது’ என்ற வழக்கு பாதி உண்மை. விழும் துளி தன் பாதையில் உள்ள பெரிய தூசித் துகள்களை மோதிப் பிடித்துக்கொள்கிறது. மிகமிக நுண்ணிய துகள்கள் தாமாகவே அலைந்து வந்து துளியில் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் இரண்டுக்கும் நடுவே, ஒரு மைக்ரோமீட்டரின் பத்தில் ஒரு பங்கு முதல் ஒரு மைக்ரோமீட்டர் வரை அளவுள்ளவை, துளியைச் சுற்றி வளைந்தோடும் காற்றோடு தாமும் வளைந்து தப்பிவிடுகின்றன. டீசல் புகையும் விறகுப் புகையும் பெரும்பாலும் இந்த அளவைச் சேர்ந்தவை. நுரையீரலின் ஆழம் வரை செல்பவையும் இவையே.

அப்படியானால் மழைநாளில் காற்று ஏன் தெளிகிறது? மேகத்துக்குள்ளேயே நுண்துகள்கள் துளியின் கருவாகிக் கீழிறங்குகின்றன. மண் ஈரமாகித் தூசி அடங்குகிறது. குப்பையும் காடும் எரிவதில்லை. மழையோடு வரும் காற்றுப் புரட்டல் பழைய காற்றை மாற்றிவிடுகிறது. கழுவுதலைவிட இந்தத் துணைவிளைவுகளே மழையின் பெரும்பங்கு. ஒரு தூறல் தூறிவிட்டது, இனிக் காற்று சுத்தம் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை.

7. சராசரி மறைப்பது

இதுவரை சொன்னவை காற்றின் இயக்கம் பற்றியவை. ஆட்சியும் சட்டமும் பார்ப்பது எண்களை. 2009ஆம் ஆண்டின் இந்தியத் தர அளவுப்படி, பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமையும், 24 மணிநேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமையும் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டல் முறையே 5, 15 என்கிறது. ஆண்டு அளவில் எட்டு மடங்கு, நாள் அளவில் நான்கு மடங்கு இடைவெளி ஒருபுறம் இருக்கட்டும். நம் கேள்விக்கு அளவைவிடச் சராசரி எடுக்கும் முறையே முக்கியம்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு நகரில் எட்டு மாதங்கள் 25, நான்கு பனி மாதங்கள் 65 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சராசரி 38.3. நகரம் ஆண்டுத் தேர்வில் தேறிவிட்டது; நான்கு மாதம் முழுதும் நாள் அளவை மீறியிருந்தும் தேறிவிட்டது. நாளுக்குள்ளும் இதே கதைதான். 21 மணிநேரம் 40, காலை 3 மணிநேரம் 180 என்றால் 24 மணிநேரச் சராசரி 57.5. அந்த நாளும் தேறிவிட்டது. பள்ளி வாகனத்துக்காக நின்ற பிள்ளை வாங்கிய மூச்சு இந்த இரண்டு தேர்வுத் தாள்களிலும் இல்லை.

கையால் வடிதாள் மாற்றி அளக்கும் தேசியக் கண்காணிப்புத் திட்டத்தின் முறை வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள். நெடுங்காலப் போக்கை அறிய அது பயன்படும். விடியலின் உச்சத்தைப் பிடிக்க அதனால் இயலாது. தொடர்ச்சியாக அளக்கும் நிலையங்கள் மணிக்கு மணி எண்களைத் தருகின்றன. ஆனால் மலைச்சரிவு, கணவாய், ஆற்றுப்பள்ளம் என்று நிலம் இவ்வளவு மாறும் நகரில் ஓரிரு நிலையங்களின் எண்ணை நகரத்தின் எண்ணாக எடுத்துக்கொள்வது, ஒரு கிணற்றின் நீர்மட்டத்தைக் கொண்டு வட்டாரத்தின் நீர்வளத்தைச் சொல்வதைப் போன்றது.

2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் முதல் பட்டியலில் இருந்த 102 நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது தூத்துக்குடி மட்டுமே. கோயம்புத்தூர் அதில் இல்லை என்பதை நற்சான்றாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆண்டுச் சராசரியை அடிப்படையாகக் கொண்ட பட்டியலில் ஆடிக்காற்றுக்கும் ஒரு வாக்கு உண்டு என்பதையே அது காட்டுகிறது.

8. நிலமும் காலமும் இல்லாத சூத்திரங்கள்

இந்தியாவில் புகைபோக்கியின் உயரத்தைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரம் ஒன்று உண்டு. மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு வெளியேறுகிறதோ அந்த எண்ணை 0.3 அடுக்குக்கு உயர்த்தி, 14ஆல் பெருக்கினால் வருவது மீட்டரில் உயரம். மணிக்கு 20 கிலோ என்றால் சுமார் 34 மீட்டர். இந்தச் சூத்திரத்தில் புகை இருக்கிறது. மலையோ காற்றோ மாதமோ இல்லை. எண்ணூர்க் கடற்கரைக்கும் கணவாயின் வாய்க்கும் ஒரே விடை. 150 மீட்டரில் மூடி விழும் இரவில் 34 மீட்டர்ப் புகைபோக்கி, தாழ்ந்த கூரையுள்ள வீட்டுக்குள் வைத்த அடுப்பு.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நடைமுறையிலும் இதே குறை உண்டு. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் கீழ் வரும் திட்டங்கள் பலவற்றுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் மூன்று மாத அளவீடு போதுமானது. இரண்டு மழைக்காலங்களும், ஆறு மாதத்துக்கொரு முறை திசை திரும்பும் காற்றும் உள்ள இந்நகரில் மார்ச் முதல் மே வரை அளந்தாலும் விதி நிறைவேறிவிடும். அந்த மூன்று மாதங்களில்தான் நண்பகல் அறை மிக உயரமாக இருக்கிறது. யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. விதியே ஆண்டின் மிகச் சாதகமான சாட்சியை அழைக்க இடம் தருகிறது.

9. எதிர்வாதங்கள்

நிலத்தையும் பருவத்தையும் இவ்வளவு பேசுவதில் ஓர் ஆபத்து உண்டு. ‘மலை அப்படி, பனி அப்படி, நாங்கள் என்ன செய்வது?’ என்று ஆலைக்காரரும் அதிகாரியும் கைவிரிக்க அது வழிவிடும். பனிக்காலம் வந்ததும் வட இந்திய நகரங்களில் ஆண்டுதோறும் கேட்கும் பதில் அது. ஆனால் மூடி புகையை உண்டாக்குவதில்லை; இருக்கும் புகையைக் காட்டிக்கொடுக்கிறது. மூடிக்குக் கீழே புகை இல்லையென்றால் அது வெறும் பனிக்காலை. நிலம் விதிப்பது கொள்ளளவு. அதில் எதை எவ்வளவு ஊற்றுவது என்பது மனிதர் முடிவு.

இரண்டாவது எதிர்வாதம் நேர்மாறானது: ‘நமக்குத்தான் கணவாய் இருக்கிறதே.’ காற்று புகையை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஆடியில் நம்மை விட்டுப் போவது பல்லடத்துக்கும் அதற்கப்பாலும் போகிறது. மார்கழியில் பாலக்காட்டுக்குப் போகிறது. தண்ணீரைப் பொறுத்தவரை மேல்மடைக்காரன், கீழ்மடைக்காரன் என்ற அறம் நம் கிராமங்களில் ஆழமாக வேரூன்றியது. சிறுவாணி நீருக்காகத் தமிழகமும் கேரளமும் உட்கார்ந்து பேசுகின்றன. அதே கதவின் வழியே ஆண்டுக்கு இரண்டு முறை திசைமாறி ஓடும் காற்றாற்றுக்கு மேல்மடையும் இல்லை, கீழ்மடையும் இல்லை. இரண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் தத்தம் எல்லையில் நின்றுவிடுகின்றன.

10. முடிவு

கோயம்புத்தூரின் நல்ல காற்று என்பது ஆனி முதல் புரட்டாசி வரை கணவாயும், ஐப்பசி கார்த்திகையில் மழையும் தரும் கடன். மார்கழியிலிருந்து பங்குனி வரை கடன் கொடுப்பவர் வருவதில்லை. நகரத்தின் உண்மையான காற்றுத் தரத்தை அறிய வேண்டுமானால் அந்த நான்கு மாதங்களின் காலைகளைத்தான் அளக்க வேண்டும். மற்ற மாதங்களில் அளப்பது நகரத்தையல்ல, காற்றை.

இதிலிருந்து நடைமுறைக்குச் சில முடிவுகள் வருகின்றன. ஆண்டுச் சராசரியோடு பருவச் சராசரியையும், பனிக்காலக் காலை நேர எண்களையும் தனியே வெளியிட வேண்டும். புதிய ஆலைக்கோ குப்பைக்கிடங்குக்கோ இடம் தேரும்போது மேல்காற்று, கீழ்க்காற்று இரண்டுக்கும் தனித்தனியே காற்றுப்படம் பார்க்க வேண்டும். கொதிகலன் தொடங்கும் நேரம், சூளை பற்றவைக்கும் நாள், சாலை பெருக்கும் வேளை ஆகியவற்றைப் பனிக்காலத்தில் காலை பத்து மணிக்குப் பிந்தியதாக மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். இவற்றில் பலவற்றுக்குப் புதிய இயந்திரம் தேவையில்லை. ஒரு நாட்காட்டி போதும். விதைப்புக்கும் அறுப்புக்கும், ஏரி மடை திறப்புக்கும் பருவம் பார்த்த ஊரில், புகைக்கு மட்டும் பன்னிரண்டு மாதமும் ஒரே விதி.

மருதமலைப் படியில் மார்கழிக் காலையில் தெரிகிற அந்த நேர்க்கோடு நாம் ஆண்டு முழுதும் எழுதும் கணக்கின் அடிக்கோடு. ஆடியில் காற்று அதை அழித்துவிடுவதால் கணக்கே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.